இழுத்தால் மட்டும் போதுமா? கேரவனும் பிக்கப்பும் சொல்லித்தரும் இயற்பியல்

ஒரு சிறு கணக்கோடு தொடங்குவோம். ஒரு பிக்கப் வண்டியின் விளம்பரம், ‘5,000 கிலோ வரை இழுக்கும்’ என்கிறது. நீங்கள் வாங்க நினைக்கும் கேரவன், எல்லாப் பொருள்களையும் ஏற்றிய பிறகும் 3,400 கிலோதான். அந்தக் கேரவனை இழுக்க இந்த வண்டி போதுமா?

‘தாராளமாகப் போதும், இன்னும் 1,600 கிலோ மிச்சம் இருக்கிறதே’ என்று சொன்னீர்களா? கேரவன் வாங்கும் பலர் செய்யும் தவறும் இதுதான். விளம்பரத்தில் உள்ள எண் பொய் இல்லை. ஆனால், அது பல கேள்விகளில் ஒன்றுக்கு மட்டுமே விடை சொல்கிறது. மற்றக் கேள்விகளுக்கான விடையை நெம்புகோலும் திருப்புத்திறனும் ஆற்றலும்தான் சொல்ல வேண்டும். இவை எல்லாம் உங்கள் அறிவியல் பாடத்தில் வருபவை. இந்த வாரம் அவற்றை நெடுஞ்சாலைக்குக் கொண்டுபோய்ப் பார்ப்போம்.

வீட்டை இழுத்துச் செல்லும் வண்டி

நம் ஊரில் பிக்கப் என்றால் தோட்டத்துக்கும் கட்டுமான இடத்துக்கும் போகும் வண்டி என்றே நினைப்போம். அமெரிக்காவிலும் கனடாவிலும் அதற்கு இன்னொரு வேலை உண்டு. கோடை விடுமுறையில் படுக்கை, சமையலறை, கழிவறை எல்லாம் உள்ள ஒரு சிறு வீட்டையே பிக்கப்பின் பின்னால் மாட்டிக்கொண்டு குடும்பங்கள் தேசியப் பூங்காக்களுக்குக் கிளம்பிவிடும். நாம் கேரவன் என்று சொல்லும் இதை அங்கே டிராவல் டிரெய்லர் என்பார்கள். பெரியவை 9 மீட்டருக்கும் மேல் நீளம் கொண்டவை.

பிக்கப்புகளை அங்கே ‘அரை டன்’, ‘முக்கால் டன்’, ‘ஒரு டன்’ என்று மூன்று வகையாகப் பேசுவது வழக்கம். ஒரு காலத்தில் அந்த வண்டி எவ்வளவு பாரம் சுமக்கும் என்பதைக் குறித்த பெயர்கள் இவை. இன்றைய வண்டிகள் அதைவிட அதிகமாகச் சுமக்கும். ஆனாலும், பழைய பெயர்கள் நிலைத்துவிட்டன. ஃபோர்ட் எஃப்-150 ‘அரை டன்’ வகை. எஃப்-250 ‘முக்கால் டன்’. எஃப்-350 ‘ஒரு டன்’.

இன்றைய ‘அரை டன்’ வண்டிகளின் எண்கள் வியப்பூட்டுபவை. 2021ஆம் ஆண்டின் எஃப்-150 வண்டிக்கு, தகுந்த இஞ்சினும் கருவிகளும் பொருத்தினால், 14,000 பவுண்ட் வரை இழுக்கலாம் என்று ஃபோர்ட் அறிவித்தது. ஏறத்தாழ 6,350 கிலோ! இப்படிப்பட்ட எண்ணைப் பார்த்ததும் கணக்கு முடிந்துவிட்டது என்று தோன்றுவது இயல்பே.

அந்த எண் எப்படிக் கிடைக்கிறது?

முன்பு ஒவ்வொரு நிறுவனமும் தனக்கு ஏற்ற முறையில் சோதித்து, தனக்கு ஏற்ற எண்ணை அறிவித்து வந்தது. போட்டி நிறுவனம் சற்று அதிகமாகச் சொன்னால், இந்த நிறுவனமும் கூட்டிச் சொல்லும். இதற்கு முடிவு கட்ட, எஸ்.ஏ.இ. என்ற பொறியாளர் அமைப்பு ஜே2807 என்ற பொதுச் சோதனை முறையை 2008இல் வெளியிட்டது. அதை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா. 2011ஆம் ஆண்டின் டுன்ட்ரா பிக்கப்பின் எண்ணை அந்த முறைப்படி மீண்டும் கணக்கிட்டபோது, அது முன்பைவிடக் குறைந்தது. வண்டி மாறவில்லை, அளக்கும் முறைதான் மாறியது.

அரிசோனா மாநிலத்தில் டேவிஸ் அணைக்கு அருகில் ஒரு மலைச்சாலை இருக்கிறது. 18 கிலோமீட்டருக்கு மேல் நீளும் அந்த ஏற்றத்தின் வெயில்தான் ஜே2807 சோதனைக்கு அடிப்படை. வெப்பநிலை ஏறத்தாழ 38 பாகை செல்சியஸ், வண்டியில் குளிர்சாதனம் முழுவீச்சில் ஓட வேண்டும். முழுப் பாரத்தையும் இழுத்துக்கொண்டு, வேகம் மணிக்கு 64 கிலோமீட்டருக்குக் கீழே போகாமல் ஏற வேண்டும். 12 விழுக்காடு சரிவில் நின்ற நிலையிலிருந்து கிளம்பிக் காட்ட வேண்டும். சமதரையில் 30 விநாடிக்குள் மணிக்கு 96 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும்.

கடுமையான சோதனைதான். ஆனால், அந்த வண்டியில் யார் உட்கார்ந்திருப்பதாகக் கணக்கு? ஓட்டுநர் ஒருவர், பயணி ஒருவர். தலைக்கு 68 கிலோ. உங்கள் வீட்டில் எத்தனை பேர்? நம் கணக்கு மாறத் தொடங்குவது இங்கேதான்.

நாக்கு அழுத்தும் பாரம்

கேரவனை ஒரு சீசாவாக எண்ணிப் பாருங்கள். அதன் சக்கரங்கள் நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால் இருக்கும். சக்கரங்களின் அச்சுதான் தாங்குபுள்ளி. கேரவனின் ஈர்ப்பு மையம் அச்சுக்குச் சற்று முன்னால் இருப்பதால், அதன் முன்பகுதி கீழ்நோக்கி அழுத்தும். முன்பக்கம் நாக்குப்போல் நீண்டிருக்கும் சட்டத்தைப் பிக்கப்பின் பின்பக்கம் உள்ள இரும்புக் குண்டின்மேல் மாட்டுவார்கள். அந்தக் குண்டின்மேல் இறங்கும் எடைக்கு ‘நாக்குப் பாரம்’ என்றே பெயர்.

அது எவ்வளவு இருக்க வேண்டும்? கேரவனின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை. நம் 3,400 கிலோ கேரவனுக்கு 13 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், ஏறத்தாழ 440 கிலோ.

இந்த 440 கிலோவைப் பிக்கப் இழுக்கவில்லை, சுமக்கிறது. பெரியவர்கள் ஐந்தாறு பேர் வண்டியின் பின்முனையில் ஏறி நிற்பதற்குச் சமம் இது. இழுப்பது இஞ்சினின் வேலை. சுமப்பது சுருள்வில், அச்சு, டயர் ஆகியவற்றின் வேலை. ஆகவே, இரண்டுக்கும் தனித்தனி எல்லை உண்டு. ஒன்று இழுவைத் திறன், மற்றொன்று தாங்கு திறன்.

தாங்கு திறனை விளம்பரத்தில் தேடாதீர்கள். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பிக்கப்பிலும், ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால் ஒரு சிறு ஒட்டுவில்லை தெரியும். பயணிகளும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருக்கும். அந்த எண் அந்தக் குறிப்பிட்ட வண்டிக்கு உரியது. ஒரே பெயர் கொண்ட இரண்டு பிக்கப்புகளில் எண் மாறலாம். கண்ணாடிக் கூரை, தோல் இருக்கை, மின்விசையில் இறங்கும் படி என்று வசதிகள் கூடக்கூட வண்டியின் சொந்த எடை கூடும். அந்த அளவுக்குத் தாங்கு திறன் குறையும். எல்லா வசதியும் உள்ள விலை உயர்ந்த ‘அரை டன்’ வண்டி, அதே வகையில் எளிமையான வண்டியைவிடக் குறைவாகச் சுமப்பது இதனால்தான்.

ஒரு குடும்பத்தின் கணக்கு

இப்போது கூட்டிப் பார்ப்போம். நம் எடுத்துக்காட்டு வண்டியின் ஒட்டுவில்லையில் 680 கிலோ என்று இருப்பதாகக் கொள்வோம். ‘அரை டன்’ வகையில் பல வண்டிகளில் காணக்கூடிய அளவுதான் இது.

நாக்குப் பாரம்: 440 கிலோ
மாட்டும் கருவிகள்: 40 கிலோ
அப்பா, அம்மா, இரண்டு பிள்ளைகள்: 240 கிலோ
பிக்கப்பின் பின்தட்டில் மிதிவண்டிகள், விறகு, ஐஸ் பெட்டி, சிறு மின்னாக்கி: 120 கிலோ
மொத்தம்: 840 கிலோ

680 கிலோ தாங்கும் வண்டியில் 840 கிலோ. 160 கிலோ அதிகம்! பின்தட்டைக் காலியாக விட்டாலும் 720 கிலோ வந்துவிடுகிறது, அதுவும் அதிகம்தான். இழுவைத் திறனிலோ 1,600 கிலோ மிச்சம் கிடக்கிறது. ஓர் எல்லையைத் தொடுவதற்கு வெகுமுன்பே மற்றோர் எல்லையைத் தாண்டிவிட்டோம். தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை: போதாது.

பொருள்களைப் பின்னால் தள்ளிவிட்டால்?

கெட்டிக்கார மாணவர் ஒருவர் இங்கே கை தூக்குவார். ‘நாக்குப் பாரம்தானே சிக்கல்? கேரவனுக்குள் முன்பக்கம் இருக்கும் பொருள்களைப் பின்பக்கம் தள்ளிவிட்டால் அது குறைந்துவிடுமே!’

குறையும், உண்மைதான். குண்டுக்கும் கேரவனின் அச்சுக்கும் இடையே 5 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 200 கிலோ பொருள்களை 4 மீட்டர் பின்னால் நகர்த்தினால், திருப்புத்திறன் 200 × 4 = 800 அளவு மாறுகிறது. அதை 5 மீட்டரால் வகுத்தால் 160. நாக்குப் பாரம் 440 கிலோவிலிருந்து 280 கிலோவுக்கு இறங்கும். மொத்தம் 680 கிலோ. ஒட்டுவில்லையில் உள்ள எண்ணோடு கச்சிதமாகப் பொருந்துகிறது!

ஆனால், 280 என்பது 3,400இல் ஏறத்தாழ 8 விழுக்காடுதான். 10 விழுக்காட்டுக்குக் கீழே போய்விட்டோம். அந்த எல்லையை வைத்ததற்குக் காரணம் இருக்கிறது.

பக்கவாட்டில் காற்று அடித்தாலோ, பெரிய லோரி ஒன்று வேகமாகக் கடந்து போனாலோ கேரவன் சற்று ஆடும். ஈர்ப்பு மையம் அச்சுக்குப் போதிய அளவு முன்னால் இருந்தால், டயர்கள் சாலையைப் பற்றும் விசை அந்த ஆட்டத்தை அடக்கிவிடும். ஓர் ஆட்டம், இரண்டு ஆட்டம், பிறகு நேராகிவிடும். பின்பக்கம் கனமாக இருந்தால் கதை வேறு. பின்முனையில் உள்ள பொருள்கள் ஊசல் குண்டுபோல் இப்படியும் அப்படியும் வீசப்படும். ஒவ்வொரு வீச்சும் பிக்கப்பின் பின்பகுதியைப் பக்கவாட்டில் தள்ளும். குறைந்த வேகத்தில் அது தானே அடங்கலாம். ஒரு குறிப்பிட்ட வேகத்தைத் தாண்டிவிட்டால், ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். சில விநாடிகளில் கேரவனும் பிக்கப்பும் சேர்ந்தே கவிழ்ந்துவிடும்.

எனவே, நாக்குப் பாரத்தைக் கூட்டினால் தாங்கு திறன் இடிக்கிறது, குறைத்தால் கேரவன் ஆடுகிறது. இடையில் உள்ள வழி குறுகியது. 160 கிலோ கணக்கைப் பொருள்களை நகர்த்தித் தீர்க்க முடியாது. கேரவனைச் சிறிதாக்க வேண்டும், அல்லது வண்டியை மாற்ற வேண்டும்.

கேரவன் ஆடத் தொடங்கினால் ஓட்டுநர் என்ன செய்ய வேண்டும்? பிக்கப்பின் பிரேக்கை ஓங்கி மிதிப்பது ஆபத்து. பின்னால் வரும் 3,400 கிலோ முன்னால் உள்ள வண்டியைத் தள்ளிவிடும். எண்ணெய் மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டீயரிங்கை நேராகப் பிடித்துக்கொண்டு, கேரவனின் பிரேக்கை மட்டும் கையால் இயக்க வேண்டும். கேரவன் பின்னோக்கி இழுத்து, கயிற்றை விறைப்பாக்குவதுபோல் வண்டித் தொடரை நேராக்கும். இதற்கென்றே ஓட்டுநரின் கைக்கு எட்டும் இடத்தில் தனி விசை இருக்கும்.

முன்சக்கரம் ஏன் இலேசாகிறது?

இன்னொரு நெம்புகோலையும் பாருங்கள். குண்டு இருப்பது பிக்கப்பின் பின் அச்சுக்கும் பின்னால். அந்த இடைவெளி 1.25 மீட்டர் என்றும், முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.7 மீட்டர் என்றும் வைத்துக்கொள்வோம். இப்போது பின் அச்சுதான் தாங்குபுள்ளி. 440 கிலோ பின்முனையை அழுத்தும்போது முன்முனை மேலே எழும்.

440 × 1.25 ÷ 3.7 = ஏறத்தாழ 150 கிலோ.

அதாவது, முன்சக்கரங்களின்மேல் இருந்த எடையில் 150 கிலோ காணாமல் போகிறது. அது எங்கே போனது? பின் அச்சின்மேல். ஆகவே, பின் அச்சு கூடுதலாகத் தாங்குவது 440 கிலோ அல்ல, 590 கிலோ. வண்டியைத் திருப்புவது முன்சக்கரம். பிரேக் பிடிக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன்சக்கரம். அது இலேசானால் ஸ்டீயரிங் பிடி தளரும். இரவில் முன்விளக்கின் ஒளியும் சாலையை விட்டு மேலே எழுந்து எதிரே வருபவரின் கண்ணில் அடிக்கும்.

இதற்குப் பொறியாளர்கள் கண்ட தீர்வும் நெம்புகோல்தான். பாரத்தைப் பகிரும் இணைப்பில், குண்டிலிருந்து கேரவனின் சட்டத்தை நோக்கி இரண்டு உறுதியான எஃகுக் கம்பிகள் நீளும். அவற்றை வில்போல் வளைத்துச் சங்கிலியால் இறுக்குவார்கள். வளைந்த கம்பி நிமிர முயலும்போது பிக்கப்பின் பின்முனை மேலே தூக்கப்பட்டு, முன்சக்கரத்துக்கு எடை திரும்புகிறது. ஒரு பங்கு கேரவனின் அச்சுக்கும் போகிறது. இது எடையைப் பகிர்ந்துகொடுக்கும் கருவி. அதை மாட்டியதும் 680 கிலோ வண்டி 840 கிலோ வண்டியாக மாறிவிடாது.

இன்னும் பெரிய கேரவன்களுக்கு வேறு வழி உண்டு. இணைப்பைப் பின்முனையில் வைக்காமல், பின்தட்டின் நடுவில், நேராகப் பின் அச்சுக்கு மேலே வைத்துவிடுவார்கள். இதை ‘ஐந்தாம் சக்கரம்’ என்பார்கள். தாங்குபுள்ளிக்கும் விசைக்கும் இடையே தூரம் மிகக் குறைவு, ஆகவே முன்சக்கரம் எழாது. ஆட்டமும் குறைவு. ஆனால், இந்த வகையில் பிக்கப்பின்மேல் இறங்குவது கேரவனின் எடையில் 15 முதல் 25 விழுக்காடு. 5,000 கிலோ கேரவனில் 20 விழுக்காடு என்றால் 1,000 கிலோ! ‘ஒரு டன்’ வண்டிகளில் பின் அச்சின் இருபுறமும் இரட்டை டயர் பொருத்துவது இப்படிப்பட்ட வேலைக்குத்தான்.

ஏற்றம்: இஞ்சினுக்குச் சோதனை

சுமக்கும் கணக்கு முடிந்தது. இப்போது இழுக்கும் கணக்கைப் பார்ப்போம்.

கொலராடோ மாநிலத்தில் ராக்கி மலைகளைக் கடக்கும் ஐ-70 நெடுஞ்சாலை, ஏறத்தாழ 3,400 மீட்டர் உயரத்தில் ஐசன்ஹோவர் சுரங்கப்பாதையை அடைகிறது. கினபாலு மலையின் உச்சிக்கு இன்னும் 700 மீட்டர்தான் மிச்சம் என்கிற உயரத்தில் ஒரு நெடுஞ்சாலை! ஏற்றம் சில இடங்களில் 7 விழுக்காடு. அதாவது, 100 மீட்டர் முன்னே போனால் 7 மீட்டர் மேலே ஏறவேண்டும்.

பிக்கப், குடும்பம், கேரவன் எல்லாம் சேர்ந்து 6,200 கிலோ என்போம். ஈர்ப்புவிசையை எதிர்த்து மேலே ஏற மட்டும் தேவைப்படும் விசை 6,200 × 9.8 × 0.07 = ஏறத்தாழ 4,250 நியூட்டன். மணிக்கு 72 கிலோமீட்டர், அதாவது விநாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் ஏறினால், 4,250 × 20 = 85,000 வாட். 85 கிலோவாட். நம் ஊர் 1.5 லிட்டர் பெரோடுவா மைவி இஞ்சினின் உச்ச அளவே ஏறத்தாழ 76 கிலோவாட்தான். கேரவனின் பெரிய முகத்தில் மோதும் காற்றையும் டயர்களின் உராய்வையும் நாம் இன்னும் கூட்டவே இல்லை.

உயரமும் ஒரு பங்கைப் பறித்துக்கொள்ளும். 3,400 மீட்டரில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 70 விழுக்காடுதான். காற்று குறைந்தால் உயிர்வளி குறையும், எரியும் எரிபொருளும் குறையும். காற்றைத் தானாக உறிஞ்சும் சாதாரண இஞ்சின் அங்கே மூச்சு வாங்கும். டர்போ பொருத்திய இஞ்சின் காற்றை அழுத்தி உள்ளே செலுத்துவதால் இந்த இழப்பு வெகுவாகக் குறையும். மலைப்பகுதியில் இழுப்பவர்கள் டர்போ இஞ்சினை நாடுவது இதனால்தான். கனமான கேரவன்களுக்கு டீசல் டர்போ இஞ்சினைப் பலர் விரும்புவார்கள். குறைந்த சுழற்சியிலேயே அது பெரிய முறுக்குவிசை தரும். 2019ஆம் ஆண்டின் ராம் 3500 பிக்கப்பில் வந்த கம்மின்ஸ் டீசல் இஞ்சின் ஒன்று 1,356 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசையை எட்டியது.

இறக்கம்: பிரேக்குக்குச் சோதனை

ஏறுவதற்கு இஞ்சின் வலு போதாவிட்டால் வண்டி மெதுவாகப் போகும், அவ்வளவுதான். இறங்கும்போது வலு போதாவிட்டால் நிற்க முடியாது. ஆகவே, இறக்கமே கடினமான சோதனை.

சுரங்கப்பாதையிலிருந்து மேற்கே சில்வர்தோர்ன் ஊருக்கு இறங்கும்போது உயரம் ஏறத்தாழ 700 மீட்டர் குறைகிறது. 6,200 கிலோ வண்டித் தொடர் இழக்கும் நிலை ஆற்றல் 6,200 × 9.8 × 700 = ஏறத்தாழ 42.5 மில்லியன் ஜூல். வேகம் கூடக் கூடாது என்றால், இவ்வளவும் வெப்பமாக எங்காவது வெளியேற வேண்டும். 145 லிட்டர் தண்ணீரை அறை வெப்பநிலையிலிருந்து கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான வெப்பம் இது. காற்றும் உராய்வும் ஒரு பங்கை எடுத்துக்கொள்ளும். மீதம் முழுவதையும் பிரேக் தட்டுகளே விழுங்க வேண்டி வந்தால் அவை அளவுக்கு மீறிச் சூடாகி, மிதித்தாலும் பிடிக்காத நிலைக்குப் போய்விடும்.

அதனால் இறக்கம் தொடங்கும் முன்பே குறைந்த கியருக்கு மாற்றி, இஞ்சினையே பிரேக்காகப் பயன்படுத்த வேண்டும். பிரேக்கை விட்டுவிட்டுத்தான் பிடிக்க வேண்டும். நம் மலைச்சாலைகளில் இறங்கும்போது ‘குனாக்கான் கியர் ரெண்டா’ என்ற அறிவிப்பைப் பார்த்திருப்பீர்கள். கொலராடோவுக்கும் கேமரன் மலைக்கும் இயற்பியல் ஒன்றே. பெரிய டீசல் பிக்கப்புகளில், இஞ்சினின் புகைபோக்கிப் பாதையை ஓரளவு அடைத்து வேகத்தைக் குறைக்கும் ஏற்பாடும் உண்டு.

கேரவனுக்கும் சொந்த பிரேக் தேவை. அமெரிக்காவின் பல மாநிலங்களில், 3,000 பவுண்டுக்கு, அதாவது ஏறத்தாழ 1,360 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லர்களுக்குச் சட்டமே அதைக் கட்டாயமாக்குகிறது. இணைப்பு அறுந்து கேரவன் தனியாகப் பிரிந்தால் தானாகவே அதன் பிரேக்கை இயக்கும் சிறு கம்பியும் அதில் இருக்கும்.

அப்படியானால் எந்த வண்டி?

நம் குடும்பத்துக்கு மூன்று வழிகள் உள்ளன.

முதல் வழி, அதே வண்டி, சிறிய கேரவன். 2,400 கிலோ கேரவன் என்றால் நாக்குப் பாரம் 312 கிலோ. கருவிகளும் நால்வரும் சேர்ந்தால் 592 கிலோ. பின்தட்டில் வைக்க இன்னும் 88 கிலோ மிஞ்சும். விறகைப் போகும் இடத்தில் வாங்கிக்கொள்ளலாம்.

இரண்டாம் வழி, அதே ‘அரை டன்’ வகையில் வசதிகள் குறைந்த, தாங்கு திறன் கூடிய வண்டி. ஒட்டுவில்லையில் 900 கிலோ இருந்தால் 840 கிலோ அடங்கிவிடும். ஆனால், மிச்சம் 60 கிலோதான். பிள்ளைகள் வளர்வார்கள் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் வழி, ‘முக்கால் டன்’ வண்டி. உறுதியான சுருள்வில், பெரிய பிரேக், கனமான அச்சு. தாங்கு திறன் 1,200 கிலோ என்றால் கவலையே இல்லை. ஆனால், விலை கூடும், எண்ணெய் கூடச் செலவாகும், வெறும் வண்டியாக ஓடும்போது குலுக்கும். இதில் டீசல் இஞ்சினைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு கணக்கும் சேரும். டீசல் இஞ்சின் பெட்ரோல் இஞ்சினைவிடக் கனமானது. இழுவைத் திறன் கூடும்போதே தாங்கு திறன் இறங்கிவிடலாம். ஆகவே, இங்கும் கதவைத் திறந்து ஒட்டுவில்லையைப் பார்க்காமல் முடிவெடுக்கக் கூடாது.

பெரிய வண்டியே நல்ல வண்டி என்று இதற்குப் பொருளல்ல. முதலில் கேரவனைத் தேர்ந்தெடுங்கள். ஏற்றிய பின் அதன் எடையைக் கணக்கிடுங்கள். நாக்குப் பாரத்தைக் கண்டுபிடியுங்கள். ஆட்களையும் பொருள்களையும் கூட்டுங்கள். கடைசியில்தான் வண்டிக்கு வாருங்கள். பலர் வண்டியை முதலில் வாங்கிவிட்டுக் கணக்கைப் பிறகு போடுகிறார்கள்.

எந்த இயந்திரத்தைப் பார்த்தாலும் இந்தப் பழக்கம் உதவும். ஒரு பொருளுக்கு ஒரே எல்லை இருப்பதில்லை. விளம்பரம் காட்டுவது பெரும்பாலும் அதன் மிகப் பெரிய எண்ணை. ஆபத்து வருவதோ முதலில் தீர்ந்துபோகும் எண்ணிலிருந்து. அது எது என்று தேடுவதே பொறியாளரின் முதல் வேலை.

செய்து பாருங்கள்

காலணிப் பெட்டியின் மூடி ஒன்று, ஒரே அச்சில் பொருத்திய இரண்டு விளையாட்டுச் சக்கரங்கள், ஒரு விளையாட்டுக் கார், ஒரு காகிதக் கவ்வி, சில நாணயங்கள் போதும். மூடியின் நடுவுக்குச் சற்றுப் பின்னால் சக்கரங்களைப் பொருத்துங்கள். முன்முனையைக் கவ்வியால் காரின் பின்னால் இணையுங்கள். இணைப்பு இடவலமாகத் தாராளமாகத் திரும்ப வேண்டும். சாய்வான பலகையில் அதை உருட்டிவிடுங்கள். முதலில் நாணயங்களை மூடியின் முன்பக்கம் ஒட்டியும், பிறகு பின்பக்கம் ஒட்டியும் பாருங்கள். உருளும்போது விரலால் பக்கவாட்டில் இலேசாகத் தட்டுங்கள். எப்போது ஆட்டம் அடங்குகிறது? எப்போது வளர்கிறது? பலகையின் சாய்வைக் கூட்டினால் என்ன ஆகிறது?

கணக்கிட்டுப் பாருங்கள்

1. 440 கிலோ நாக்குப் பாரத்தை வீட்டு எடைக்கருவியில் நேரடியாக அளக்க முடியாது, கருவி உடைந்துவிடும். ஆகவே, உறுதியான சட்டம் ஒன்றின் ஒரு முனையைச் செங்கல்மேலும் மறுமுனையைக் கருவியின்மேலும் வைக்கிறார்கள். இரண்டு தாங்கல்களுக்கும் இடையே 4 அடி. செங்கல்லிலிருந்து 1 அடி தூரத்தில் நாக்கை இறக்குகிறார்கள். சட்டத்தின் எடையைக் கழித்த பிறகு கருவி 95 கிலோ காட்டுகிறது. நாக்குப் பாரம் எவ்வளவு? கேரவன் 3,200 கிலோ என்றால் அது பாதுகாப்பான அளவா?

2. ஒட்டுவில்லையில் 700 கிலோ. குடும்பம் 310 கிலோ, கருவிகள் 40 கிலோ, பின்தட்டு காலி. நாக்குப் பாரம் 13 விழுக்காடு என்றால், அதிகபட்சம் எவ்வளவு எடையுள்ள கேரவனை மாட்டலாம்?

3. வேகம் மணிக்கு 80 கிலோமீட்டரிலிருந்து 100 கிலோமீட்டருக்குக் கூடினால், வண்டித் தொடரின் இயக்க ஆற்றல் எத்தனை மடங்காகும்?

விடைகள்: 1. 95 × 4 = 380 கிலோ. ஏறத்தாழ 12 விழுக்காடு, பாதுகாப்பான அளவே. 2. (700 − 350) ÷ 0.13 = ஏறத்தாழ 2,690 கிலோ. 3. ஏறத்தாழ 1.56 மடங்கு.